மெடலுக்கு முன்னாடி ஒரு துண்டு

"52 வயசுல, கொட்டற மழையில, மலை மேல போய் 21 கிலோமீட்டர் ஓடணும்னு யார் அழுதா?"

ஆகஸ்ட் மாசத்துலேர்ந்து எங்க வீட்டுல இந்த ஒரே கேள்விதான் சுத்தி சுத்தி வருது. கேக்கறது எங்க அம்மா. கேக்கப்படறது என் தாய்மாமா. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கறது அடியேன். ஏன்னா அவரை அங்க கூட்டிட்டுப் போன புண்ணியவான் நான்தான்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

மாமாவுக்கு பிள்ளையார்பாளையத்துல குழித்தறி. காலை குழிக்குள்ள தொங்கவிட்டு மிதியை மிதிச்சுக்கிட்டே 30 வருஷத்துக்கு மேல ஓட்டிட்டார். அஞ்சு வருஷம் முன்னாடி டாக்டர் "சுகர் பார்டர்ல நிக்குது, நடங்க"ன்னு சொன்னார். தினம் விடிகாலை கைலாசநாதர் கோயில் வரைக்கும் நடை. நடை மெதுவா ஓட்டமாச்சு. கோயில் செவிலிமேடு பாலாத்துப் பாலம் ஆச்சு. அப்புறம் ஒரு மார்கழியில சென்னையில போய் ஹாஃப் மாரத்தானே ஓடிட்டு வந்துட்டார். கணக்குக்கு 21.0975 கிலோமீட்டர்.

இந்தத் தூரம் எங்க ஊருக்கு ஒண்ணும் புதுசு இல்லை. வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குப் பழைய சீவரம் போறார். சுமார் 20 கிலோமீட்டர் இருக்கும். சீர்பாதம் தாங்கிகள் அந்தப் பனியில வெறுங்காலோட தோள்ல சுமந்துட்டுப் போறாங்க. கூட நடக்கறவங்கள்ல நரைச்ச தலை நிறைய உண்டு. அவங்களை யாரும் "இந்த வயசுல தேவையா?"ன்னு கேக்கறதில்லை. அதே தூரத்தை ஒருத்தர் டிராக் பேன்ட் போட்டுக்கிட்டு ஓடினா மட்டும் நமக்கு எல்லாம் ஒரு மாதிரி இருக்கு!

சரி, மேட்டருக்கு வரேன்.

மழை மாமாவுக்குத் தடையே இல்லை. ஐப்பசி கார்த்திகையில அடைமழை பிடிச்சா குழியில தண்ணி ஊறும், பாவு ஈரம் இழுத்துக்கும், நெய்ய முடியாது. அந்த நாள்ல எல்லாம் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் சேர்த்து ஓடிட்டு வருவார். கேட்டா, "மாப்ள, மழைன்னா தறிக்குத்தான் லீவு, எனக்கு இல்லை"ன்னு சிரிப்பார். காஞ்சிபுரத்து மழையில இது சரிதான். இங்க எவ்வளவு கொட்டினாலும் விடிகாலையில 22, 23 டிகிரிக்குக் கீழ போறது அபூர்வம். இந்த மழை நனைக்கும், ஆனா நடுங்க வைக்காது.

நாங்க போனது நீலகிரிக்கு. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். ஆகஸ்ட்ல தென்மேற்குப் பருவமழை. அன்னிக்கு விடியும்போது 12 டிகிரி, கூடவே காத்து. மாமா போட்டிருந்தது பருத்தி டி-ஷர்ட். அதையே பெருமையா இஸ்திரி போட்டு எடுத்துட்டு வந்திருந்தார். நான் 10 கிலோமீட்டர் பிரிவுல ஓடி முடிச்சுட்டு, ஸ்வெட்டர் மாட்டிக்கிட்டு, முடிவுக்கோட்டுல காத்துட்டு இருந்தேன். மாமா 2 மணி 41 நிமிஷத்துல சிரிச்சுக்கிட்டே வந்தார். நல்லாத்தான் வந்தார்.

வினை அதுக்கு அப்புறம்தான். மெடலுக்கு ஒரு வரிசை, போட்டோவுக்கு ஒரு வரிசை, பையை வாங்க ஒரு வரிசை. மூணுமே வெட்டவெளியில, மழையில. பையில இருந்த மாத்துத் துணியும் நனைஞ்சு போயிருந்தது. எப்படியும் ஒரு 25 நிமிஷம் ஆயிருக்கும். கையில வாழைப்பழத்தை வெச்சுக்கிட்டு உரிக்க முடியாம தடவிக்கிட்டே இருந்தார். நான் ஏதோ கேட்டேன், அவர் சொன்ன பதில் குழறலா வந்தது. நான் என்ன பண்ணேன் தெரியுமா? "என்ன மாமா, காலையிலயே தண்ணியா?"ன்னு கிண்டல் பண்ணி, மொபைல்ல வீடியோ எடுத்தேன்.

அந்த வீடியோவை அன்னிக்கு ராத்திரியே அழிச்சுட்டேன். ஆனா மனசுலேர்ந்து அழியல.

பக்கத்துல டீக்கடை வெச்சிருந்த அக்காதான் ஒரு பார்வையிலயே புரிஞ்சுக்கிட்டாங்க. "இங்க இட்டுக்கினு வா அந்தாளை"ன்னு அதட்டி உள்ள உக்கார வெச்சாங்க. நனைஞ்ச சட்டையைக் கழட்டச் சொல்லி, காஞ்ச துண்டால துடைச்சு, கம்பளியில சுத்தி, அடுப்புக்குக் கொஞ்சம் தள்ளி உக்கார வெச்சாங்க. பக்கத்துல ஒரு பெரியவர், "ஒரு பெக் பிராந்தி ஊத்தினா சரியாயிடும்"னு ஆலோசனை சொன்னார். அக்கா முறைச்ச முறைப்புல நகர்ந்து போயிட்டார். பேச்சு தெளிவான அப்புறம் சர்க்கரை தூக்கலா ரெண்டு டம்ளர் டீ. சுகர் பார்டரை எல்லாம் அன்னிக்கு யாரும் பாக்கல. ஒரு மணி நேரத்துல மாமா பழைய மாமா ஆயிட்டார்.

ஊர் திரும்பினதும் தீர்ப்பு ரெடியா இருந்துச்சு. "வயசாச்சு, இனிமே ஓடக் கூடாது." அம்மா, அத்தை, எதிர்வீட்டுத் தாத்தா, எல்லாரும் ஒரே கட்சி. முதல் வாரம் நானும் அந்தக் கட்சியிலதான் இருந்தேன். பயந்து போயிட்டேன், உண்மையைச் சொல்லணும் இல்லையா.

அப்புறம் ஆபீஸ்ல ஆணி கம்மியா இருந்த ஒரு வாரத்துல கொஞ்சம் உக்காந்து படிச்சுப் பாத்தேன். இப்ப என் கட்சி வேற. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பில்டப்.

குற்றவாளி வயசு இல்லை. மழையும் இல்லை. நனைஞ்ச துணியோட சும்மா நின்ன அந்த 25 நிமிஷம்தான்.

ஓடும்போது நம்ம உடம்பு ஒரு அடுப்பு. எரிக்கற சக்தியில முக்கால் பங்குக்கு மேல சூடாத்தான் வெளிய போகுது. அதனாலதான் 12 டிகிரி மழையிலயும் ஓடிட்டு இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியறதில்லை. நின்ன உடனே அடுப்பு அணைஞ்சுடுது. ஆனா ஈரத்துணி மட்டும் விடாம சூட்டை இழுத்துக்கிட்டே இருக்கு. காத்தை விட தண்ணி சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். உடம்போட உள் வெப்பம் 37-லேர்ந்து 35 டிகிரிக்குக் கீழ இறங்கினாலே அது ஆபத்தான நிலை. டாக்டர்கள் 'ஹைப்போதெர்மியா'ன்னு சொல்வாங்க. முதல்ல நடுக்கம், அப்புறம் விரல் சொன்ன பேச்சு கேக்காது, அப்புறம் நாக்கு குழறும், புத்தி தடுமாறும். மாமாவோட வாழைப்பழமும் குழறலும் அதோட அறிகுறிகள்தான். நான் ஜோக்குன்னு நினைச்சேன்.

வயசுதான் பிரச்சனைன்னா ஃபௌஜா சிங்கை என்ன சொல்றது? அவர் முதல் மாரத்தான் ஓடினது 2000-ல லண்டன்ல, 89 வயசுல. 2011-ல டொராண்டோவுல, பாஸ்போர்ட் கணக்குப்படி 100 வயசுல, 42 கிலோமீட்டரை 8 மணி 11 நிமிஷத்துல முடிச்சார். 2025 ஜூலையில 114 வயசுல இறந்தார். அதுவும் ஓடி இல்லை, ஊர்ல ரோட்டோரம் வண்டி மோதி. கனடாவுல எட் விட்லாக்னு ஒருத்தர் இருந்தார். 2004-ல 73 வயசுல முழு மாரத்தானை 2 மணி 54 நிமிஷம் 48 விநாடியில ஓடினார். அதுல பாதி தூரத்துக்கே எனக்கு 2 மணி 20 நிமிஷம் ஆகுது! நம்ம ஊர்லயே மா. சுப்பிரமணியன். 2021-ல சுகாதாரத் துறை அமைச்சரானாரே, அவரேதான். விபத்துல காலில் பலமா அடிபட்டும், 50 வயசு தாண்டின அப்புறம் நெடுந்தூர ஓட்டத்துக்கு வந்து, 100-க்கு மேல ஹாஃப் மாரத்தான் ஓடியிருக்கார்.

சரி, இளவட்டமா இருந்தா குளிர் விட்டுடுமா? 2021 மே 22-ம் தேதி சீனாவுல கான்சு மாகாணத்துல மலைப்பாதையில 100 கிலோமீட்டர் ஓட்டம். 172 பேர் கிளம்பினாங்க. நடுவழியில திடீர்னு ஆலங்கட்டி, உறைய வைக்கற மழை, பலத்த காத்து. 21 பேர் செத்துப் போனாங்க. அதுல ஒருத்தர் லியாங் ஜிங். வயசு 31, சீனாவோட முன்னணி அல்ட்ரா ஓட்டக்காரர். நிறைய பேர் மேல இருந்தது டி-ஷர்ட்டும் அரை டிரவுசரும்தான். காத்தைத் தடுக்கற ஜாக்கெட் அந்தப் போட்டியில கட்டாயம் இல்லை. ஆடு மேய்க்கற ஒருத்தர் தன் குகையில நெருப்பு மூட்டி, கம்பளி போத்தி, 6 பேரைக் காப்பாத்தினார். படிச்சப்ப எனக்கு அந்த டீக்கடை அக்காதான் ஞாபகத்துக்கு வந்தாங்க. மெடிக்கல் டென்ட் இல்லாத இடத்துல ஒரு காஞ்ச கம்பளியும் கொஞ்சம் நெருப்பும்தான் உயிரைக் காப்பாத்தியிருக்கு.

இதுக்காக வயசு முக்கியமே இல்லைன்னு அடிச்சு விட மாட்டேன். வயசு ஒரு கணக்கை மாத்துது. அது எந்தக் கணக்குன்னு தெரிஞ்சுக்கறதுதான் முக்கியம்.

தடகளத்துல 35 வயசு ஆனாலே மாஸ்டர்ஸ், அதாவது மூத்தோர் பிரிவு. (எனக்கு இன்னும் ஏழு வருஷம்தான் பாக்கி, அழுகையா வருது.) அஞ்சஞ்சு வருஷமா வயசுப் பிரிவு பிரிச்சு உலகப் போட்டி நடத்தறாங்க. முதல் உலகப் போட்டி 1975-ல டொராண்டோவுல நடந்தது. 2025 நவம்பர்ல ஆசியப் போட்டி நம்ம சென்னை நேரு ஸ்டேடியத்துலயே நடந்தது. வயசுக்கு ஏத்த மாதிரி நேரத்தைக் கழிச்சு ஒப்பிடற ஒரு அட்டவணை கூட இருக்கு. அதுல போட்டுப் பாத்தா, மாமாவோட 2:30 என்னோட 2:20-ஐ ஊதித் தள்ளிடுது. அவர்கிட்ட இதைச் சொல்லல. சொன்னா அப்புறம் பிடிக்க முடியாது :-)

ஆனா குளிர் அந்த அட்டவணையைப் பாக்காது. ஜெயிக்கறவன் 21 கிலோமீட்டரை ஒரு மணி பத்து நிமிஷத்துல முடிச்சுட்டு வண்டி ஏறிடறான். மாமா மாதிரி ஆளு ரெண்டரை, மூணு மணி நேரம் மழையில இருக்கார். மெதுவா ஓடறதால ஒவ்வொரு நிமிஷமும் உடம்புல உண்டாகற சூடும் கம்மி. வயசாக ஆக தசை குறையும், நடுக்கம் தாமதமா வரும், தோல்ல ரத்த ஓட்டத்தைச் சுருக்கி சூட்டைப் பிடிச்சு வைக்கற திறனும் குறையும். குளிருதுன்னே லேட்டாத்தான் தெரியும். குளிர்ல ரத்த அழுத்தமும் ஏறும், இதயத்துக்கு வேலை கூடும். பிரஷருக்கு சில வகை மாத்திரை சாப்பிடறவங்களுக்கு கை கால் இன்னும் சீக்கிரம் சில்லிட்டுப் போகும்.

ஆக, அதிக நேரம் நனையறவர், குறைவா சூடு உண்டாக்கறவர், ஆபத்தை லேட்டா உணர்றவர், மூணும் ஒரே ஆளு. கடைசியில வர்றவரும் அவரே. அவர் வரும்போது பந்தலைப் பிரிச்சுட்டு இருப்பாங்க, டீ தீர்ந்திருக்கும், மெடிக்கல் டென்ட்டுல நாற்காலி மட்டும் இருக்கும். யாருக்கு ரொம்பத் தேவையோ அவர் வரும்போது எல்லாம் காலி!

பொட்டி தட்டறவனுக்கு இது நல்லா புரியும். எல்லாம் ஒழுங்கா நடந்தா என்ன ஆகும்னு மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு ரிலீஸ் பண்ற சாஃப்ட்வேர் மாதிரிதான் நம்ம ஊர் ஓட்டப் போட்டிகள் நிறைய நடக்குது. வெயிலுக்குத் திட்டம் போடறோம். ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு தண்ணிப் பந்தல், ஐஸ், எலக்ட்ரால் எல்லாம் உண்டு. குளிருக்கும் மழைக்கும் யோசிக்கறதே இல்லை. சென்னையில அது ஓடும். மலையில ஓடாது.

நடத்தறவங்களுக்கு என் கோரிக்கை ரொம்பச் சின்னது. மெடலுக்கு முன்னாடி ஒரு துண்டு குடுங்க. கோட்டைத் தாண்டினவுடனே ஒரு காஞ்ச துண்டு, ஒரு பிளாஸ்டிக் போர்வை, மழை படாத ஒரு கூரை. பையை வாங்கற இடமும் அந்தக் கூரைக்குக் கீழ. போட்டோவும் மெடலும் அதுக்கு அப்புறம். முக்கியமா, முதல் ஆள் வரும்போது இருக்கறது எல்லாம் கடைசி ஆள் வரும்போதும் இருக்கணும்.

ஓடற மூத்தவங்களுக்கு நான் சொல்ற அளவுக்குப் பெரிய மனுஷன் இல்லை. மாமாவுக்கு நாங்க போட்ட விதிகளை மட்டும் சொல்றேன். பருத்தி டி-ஷர்ட் கிடையாது, அது நனைஞ்சா தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். மெல்லிசா காத்தைத் தடுக்கற ஜாக்கெட், தலைக்குக் குல்லா. வயித்துல ஏதாவது போட்டுக்கிட்டே ஓடணும், சத்து தீர்ந்துட்டா உடம்பால நடுங்கக் கூட முடியாது. மாத்துத் துணி ரெண்டு பிளாஸ்டிக் கவருக்குள்ள. வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர்கிட்ட இதயப் பரிசோதனை. விரல் மரத்து நாக்கு குழறினா அந்த இடத்துலயே நிறுத்தி, உதவி கேட்டு, மழை படாத இடத்துக்குப் போயிடணும்.

கடைசி விதியைத்தான் மாமா ஒத்துக்கவே இல்லை. "பாதியில விட்டா அசிங்கம்டா"ன்னார். 2018 பாஸ்டன் மாரத்தான் கதையைச் சொன்னேன். சுமார் 4 டிகிரி, கொட்டற மழை, எதிர்க்காத்து. உலகத்தோட பெரிய பெரிய ஓட்டக்காரங்க எத்தனையோ பேர் பாதியில விலகினாங்க. அன்னிக்கு ஜெயிச்சவர் யுகி கவாவுச்சி, ஜப்பான்ல ஒரு அரசுப் பள்ளி அலுவலகத்துல குமாஸ்தா. பெண்கள்ல ஜெயிச்ச டெஸ் லிண்டன் கூட ஆரம்பத்துலயே "நான் விலகிடுவேன் போல"ன்னு பக்கத்துல ஓடினவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் ஓடினாங்க. தொழிலே ஓட்டமா இருக்கறவங்களே விலகறாங்க, இதுல உங்களுக்கு என்ன அசிங்கம்? மாமா "பாக்கலாம்"னு சொல்லிட்டு எழுந்து போயிட்டார்.

அவர் ஒத்துக்கிட்டது வேற ஒரு நாள், தறி முன்னாடி உக்காந்திருந்தப்ப.

"மாமா, பாவு நனைஞ்சுட்டா என்ன பண்ணுவீங்க?"

"உடனே காய வெக்கணும்டா. அப்படியே விட்டா இழை எல்லாம் ஒட்டிக்கும், பாழாப் போயிடும்."

"அப்ப நீங்க நனைஞ்சா?"

கொஞ்ச நேரம் பேசல. நாடாவை எடுத்து ரெண்டு தடவை விட்டார். அப்புறம், "சரி மாப்ள, அந்த ஜாக்கெட்டு எவ்வளவு விலை?"ன்னு கேட்டார்.

வீட்டுல பெரியவங்க ஓடற மக்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "இந்த வயசுல எதுக்கு?"ங்கற கேள்வியை விட்டுடுங்க. அதுக்கு அவங்ககிட்ட பதில் இருக்கு, நமக்குத்தான் கேக்கப் பொறுமை இல்லை. மாமாவுக்கு சுகர் பார்டர்லேர்ந்து இறங்கிடுச்சு. குழியில உக்காந்து உக்காந்து பிடிச்சுக்கிட்ட இடுப்பும் இப்ப தேவலாம்னு சொல்றார். அதைப் பறிச்சுட்டு நாற்காலியில உக்கார வெக்கறது பாசம் இல்லை. அதுக்குப் பதிலா "முடிச்சுட்டு எங்க நிப்பீங்க? காஞ்ச துணி யார்கிட்ட இருக்கு?"ன்னு கேளுங்க. அந்தக் கேள்விதான் உயிரைக் காப்பாத்தும்.

அடுத்த ஓட்டத்துக்கு மாமா பேர் குடுத்தாச்சு. அம்மா இன்னும் முழுசா சமாதானம் ஆகல. ஆனா நேத்து பரண்லேர்ந்து பழைய ஃபிளாஸ்க்கை இறக்கிக் கழுவி வெச்சிருக்காங்க. கேட்டா "சும்மாதான்"ங்கறாங்க.

இந்தத் தடவை நான் ஓடல. முடிவுக்கோட்டுக்குப் பக்கத்துல குடையோட, ஒரு காஞ்ச துண்டு, வேட்டி, கம்பளி, ஃபிளாஸ்க் சகிதம் நிக்கப் போறேன். மொபைல் பையிலயே இருக்கும்.